‘காவிரிக்கரை வீடு’ குழுவில் நிலாவின் விசா பற்றிப் பேசியது

23 நவம்பர் 2025, ஞாயிறு

ராமநாதன்: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குத் தை மாதம் சதாபிஷேகம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. முரளி, அமெரிக்காவிலிருந்து நீங்கள் நால்வரும் எப்போது வருகிறீர்கள்? டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடு.

செல்வி: நான் ஒரு வாரம் முன்பே திருச்சியிலிருந்து வந்துவிடுவேன் அண்ணா. சமையல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முரளி: அண்ணா, நான் மட்டும்தான் வருவேன் என்று நினைக்கிறேன். நிலாவால் வர முடியாது. அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கவிதாவும் வர மாட்டாள்.

செல்வி: என்னப்பா இது! பெரியவருக்கு இருப்பதே ஒரே பேத்தி மாதிரி அவள்தான். காலேஜில் லீவு தர மாட்டார்களா?

உமா: அத்தை, நானும் பேத்திதான் 🙂

செல்வி: நீ கனடாவிலிருந்து வருகிறாய் என்று தெரியும்டி. வராதவளைப் பற்றித்தானே கேட்கிறேன்.

கவிதா: லீவு இல்லை அண்ணி, விசாதான் காரணம். மார்ச் 11 அவளுக்கு 21 முடிகிறது. அவள் அப்பாவின் வேலை விசாவோடு சேர்ந்து அவளுக்கு இருக்கும் எச்-4 என்ற குடும்ப விசா அன்றோடு சரி. அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். அது நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

ராமநாதன்: புரியவில்லையே. 4 வயதில் போன பிள்ளை. நீங்கள் இருவரும் அங்கே வேலை பார்க்கிறீர்கள், வரி கட்டுகிறீர்கள். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்கில் ஆகிறதே?

முரளி: போட்டது 2015 ஏப்ரல். அந்தத் தேதிதான் வரிசையில் நம் இடம். வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டு கொடுக்கிறார்கள், மனைவி பிள்ளைகளையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. மற்றவர்கள் எடுக்காமல் மிஞ்சினால்தான் கூடக் கிடைக்கும். அதனால் இந்தியாவுக்கு இப்போதுதான் 2013-இல் போட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2020 அக்டோபரில் திடீரென்று வரிசைத் தேதி முன்னால் குதித்தது, நினைவிருக்கிறதா? ஈபி-3 என்ற வேலைப் பிரிவில் 2015 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்தவர்கள் விண்ணப்பம் போடலாம் என்றார்கள். நமக்கு மூன்று மாதச் சொச்சத்தில் தவறிப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரமே எல்லாத் தாளையும் போட்டுவிட்டார். அவருடைய மகன் இப்போது தைரியமாக வேலைக்குப் போகிறான்.

செல்வி: கடவுளே.

ராமநாதன்: சரி தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். வரிசை என்றால் நிற்கத்தானே வேண்டும்?

முரளி: நிற்கிறோமே அண்ணா, 10 வருடமாக. ஒருநாள்கூடச் சட்டத்தை மீறி இருந்ததில்லை. நான் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளையைப் பாதியில் “உனக்கு வயதாகிவிட்டது, வெளியே போ” என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வரிசை நகராததற்கு அவள் என்ன செய்வாள்?

உமா: சித்தப்பா, பிள்ளைகளின் வயதைக் காப்பாற்றவே ஒரு சட்டம் இருக்கிறதே? 2002-இல் வந்தது. நாங்கள் ஜெர்சியில் இருந்தபோது எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

முரளி: இருக்கிறது உமா. நம் தேதி வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து கம்பெனி நமக்காகப் போட்ட ஐ-140 என்ற கார்டு மனு நிலுவையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். கழித்தால் 21-க்குக் கீழே வர வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. நம் மனுவைக் கம்பெனி சீக்கிரம் பார்ப்பதற்கான பிரீமியம் கட்டணம் கட்டிப் போட்டது, 15 நாளுக்குள் ஒப்புதல் வந்தது. அன்றைக்கு ஸ்வீட் வாங்கி ஆபீஸில் கொடுத்தேன். இப்போது கழிப்பதற்கு அந்தச் சில நாட்கள்தான் இருக்கின்றன. ஆமை வேகத்தில் ஒரு வருடம் கிடந்திருந்தால் அவளுக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கும். அப்போதும் நம் தேதி வராது என்பது வேறு விஷயம்.

உமா: “தேதி வரும் நாள்” என்பதிலும் ஏதோ மாற்றினார்களே, ஆகஸ்டில்?

முரளி: ஆமாம். மாதாமாதம் இரண்டு அட்டவணை வருகிறது. ஒன்று விண்ணப்பம் போடலாம் என்ற தேதி, இன்னொன்று கார்டு கொடுக்கும் தேதி. முதலாவது பெரும்பாலும் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். 2023 பிப்ரவரியில் வயதுக் கணக்குக்கு அந்த முதலாவதையே எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள். இந்த ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் பழையபடி இரண்டாவதுக்கே போய்விட்டார்கள். அதற்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தவர்களுக்குப் பழைய கணக்கே பொருந்தும். செப்டம்பரில் போடலாம் என்று தாள்களை அடுக்கி வைத்திருந்த குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதைக் குடிவரவு அலுவலகம் படிக்கும் விதம் மட்டும்தான் மாறியது.

உமா: கனடாவில் இந்தத் தலைவலி இல்லை. முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் பிள்ளைக்கு 22-க்குக் கீழே இருந்தால் போதும், வயதை அப்படியே பூட்டிவிடுவார்கள். அவர்கள் பரிசீலிக்க எத்தனை வருடம் எடுத்தாலும் அது பிள்ளையின் தலையில் விடியாது. நாங்கள் 2018-இல் இங்கே மாறியதற்கு முக்கியக் காரணமே இதுதான். அப்போது எல்லோரும் “அமெரிக்காவை விட்டுவிட்டா?” என்று கேட்டீர்கள்.

ராமநாதன்: நானும் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

செல்வி: கவிதா, நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அங்கேயே சிட்டிசன் பையனாக ஒரு நல்ல வரன் பார்த்துவிட்டால்? என் சம்பந்தி வழியில் அட்லாண்டாவில் ஒரு பையன் இருக்கிறான்.

கவிதா: அண்ணி, உங்கள் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் கார்டுக்காக அவள் கழுத்தில் தாலி ஏற வேண்டாம். அவள் படிக்கட்டும். யாரைக் கட்டிக்கொள்வது என்பதை அவளே நிதானமாக முடிவு செய்யட்டும்.

செல்வி: சரிம்மா. இனி இந்தப் பேச்சு எடுக்க மாட்டேன்.

நிலா: அத்தை, பரவாயில்லை ❤️ பெரியப்பா, சாரி, தாத்தா ஃபங்ஷனுக்கு வரவேண்டும் என்று ரொம்ப ஆசை. நான் குரலில் சொல்கிறேன், போன் தமிழில் எழுதுகிறது. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நிலா: ஒரு விஷயம் சொல்கிறேன். 2023 டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து திரும்பியபோது டல்லாஸ் ஏர்போர்ட்டில் தம்பிக்கு நீல பாஸ்போர்ட், அவன் இங்கே பிறந்தவன், அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மூவரிடமும் ஆபீசர் ஒரே கேள்விதான் கேட்டார். வீட்டுக்கு வந்து, எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை இறக்கிப் பார்த்தால் அம்மா அப்பாவுக்கு 2026 செப்டம்பர் வரை. எனக்கு மட்டும் 2026 மார்ச் 10. என் பிறந்தநாளுக்கு முந்தின நாள். அவர் கணக்குப் போட்டு டைப் செய்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தேதி என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ராமநாதன்: அம்மாடி, இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?

நிலா: சொன்னால் தாத்தா தூங்க மாட்டார்.

உமா: மாணவர் விசா கிடைத்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் இல்லையா?

நிலா: கொஞ்சம் அக்கா. கேம்பஸில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். இதுவரை அதுகூட முடியாது, எச்-4 பிள்ளைகளுக்கு வேலை அனுமதியே இல்லை. அம்மாவுக்கு 2015-இல் வந்த விதிப்படி கிடைத்தது, அது துணைவருக்கு மட்டும்தான். ஹைஸ்கூலில் எல்லோரும் ஐஸ்கிரீம் கடையில் சம்மர் ஜாப் போனபோது நான் லைப்ரரியில் சம்பளம் இல்லாமல் புத்தகம் அடுக்கினேன். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலை, என் படிப்பு அறிவியல் பிரிவு என்பதால் இன்னும் இரண்டு வருடம். அப்புறம் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல். அப்பா 17 வருடம் முன்னால் நின்ற இடத்தில் நான் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

முரளி: இன்னொன்று. மாணவர் விசா என்றால் “படித்து முடித்ததும் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவேன்” என்று காட்ட வேண்டும். மழலையர் பள்ளியிலிருந்து இங்கேயே படித்தவள். வேறு எந்த ஊரை அவள் சொந்த ஊர் என்று சொல்வாள்? கல்லூரிக் கட்டணம் வெளிநாட்டு மாணவர் கணக்குக்கு மாறுமா என்று கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

ராமநாதன்: நிலா, பெரியப்பா மனதில் பட்டதைச் சொல்கிறேன். இங்கே வந்துவிடேன். நம் வீடு இருக்கிறது. சென்னையில், பெங்களூரில் இல்லாத வேலையா?

நிலா: பெரியப்பா, நீங்கள் கூப்பிடுவதே எனக்குப் பெரிய தைரியம். கதவு திறந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் நான் தமிழ் பேசுவேன், படிக்கத் திணறுவேன். என் தோழிகள், நான் வாரா வாரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பிள்ளைகள், அம்மா, அப்பா, தம்பி எல்லோரும் இங்கே. நானாக முடிவு செய்து வந்தால் அது வேறு. பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காகக் கிளம்பச் சொன்னால் அது வேறு.

ராமநாதன்: நியாயம்தான்.

செல்வி: முரளிக்குக் கார்டு வந்தபிறகு அவளுக்கு எழுத முடியாதா? தம்பிதான் சிட்டிசன் ஆயிற்றே?

முரளி: எழுதலாம் அக்கா. எனக்கு வந்தபின் 21 கடந்த மகளுக்கு எழுதினால் அது வேறொரு வரிசை, திரும்ப வருடக்கணக்கு. தம்பிக்கு 21 ஆனபின் அக்காவுக்கு எழுதலாம். அந்த வரிசை இந்தியாவுக்கு இப்போதே ஏறக்குறைய 20 வருடம்.

உமா: டாகா என்று ஒன்று உண்டே, சின்ன வயதில் வந்தவர்களுக்கு?

நிலா: அது 2012 ஜூன் 15 அன்று முறையான விசா இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் அக்கா. அவர்களும் என்னைப் போல இங்கே வளர்ந்தவர்கள்தான், அவர்களுக்கும் இன்னும் நிரந்தரமாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு விசா இருந்தது, அதனால் நான் அதில் சேர முடியாது. எங்களைப் போல இரண்டரை லட்சம் பேர் இருப்பதாக ‘இம்ப்ரூவ் த டிரீம்’ சொல்கிறது. எங்களை மாதிரிப் பிள்ளைகளே நடத்தும் அமைப்பு. வாஷிங்டன் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களை நேரில் பார்க்கிறார்கள்.

நிலா: 2021-இல் ‘அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட்’ என்று ஒரு மசோதா வந்தது. கீழவையில் டெபோரா ராஸ், செனட்டில் அலெக்ஸ் பாடியாவும் ராண்ட் பாலும். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. பெற்றோர் மனு போட்ட நாளில் பிள்ளையின் வயதைப் பூட்ட வேண்டும், 16 வயதானால் வேலை அனுமதி, இங்கே 10 வருடம் முறையாக இருந்து பட்டம் முடித்தவர்களுக்குக் கார்டு. 2023-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். இன்னும் சட்டமாகவில்லை.

முரளி: 2022-இல் ராணுவச் செலவு மசோதாவில் இதை ஒரு திருத்தமாகச் சேர்த்துக் கீழவை நிறைவேற்றியது. இறுதி வடிவில் எடுத்துவிட்டார்கள். அன்று இரவு இவள் சாப்பிடவில்லை.

நிலா: அப்பா 😒

நிலா: செவ்வாய்க்கிழமை எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் 20 நிமிடம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். நானும் என்னைப் போல இன்னும் சிலரும் போகிறோம். எங்களுக்கு ஓட்டு இல்லை. தொகுதியில் குடியிருப்பவர் யாரானாலும் மனு கொடுக்கலாம். வயதைப் பூட்டுங்கள் என்ற ஒன்றை மட்டும்தான் அழுத்திக் கேட்கப் போகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ராமநாதன்: பயப்படாமல் பேசு. கெஞ்சாதே. நீ தப்பு எதுவும் செய்யவில்லை.

செல்வி: சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொள்கிறேன் கண்ணு.

உமா: நிலா, அந்தப் பக்கத்தில் உனக்குத் தெரிந்த சிட்டிசன் குடும்பங்களிடம் ஆளுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போ. டீச்சர், லைப்ரரி மேடம், பக்கத்து வீடு. ஓட்டுப் போடுகிறவர்கள் எழுதினால் அந்த அலுவலகத்தில் கவனிப்பார்கள்.

நிலா: லைப்ரரியில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் அக்கா. டீச்சரிடம் நாளை கேட்கிறேன்.

கவிதா: மாமா, உங்களிடம் ஓர் உதவி. தேதி மறுபடி குதித்தால் உடனே போடுவதற்கு எங்கள் எல்லோருடைய தாளும் தயாராக இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். நிலாவின் பிறப்புச் சான்றிதழ் எங்களிடம் இருப்பதில் குழந்தை பெயர் இடம் காலியாக இருக்கிறது. பெயர் சேர்த்த பிரதி அங்கே இருக்கிறதா?

ராமநாதன்: பெயர் வைத்ததும் நான்தான் போய்ச் சேர்த்தேன். பீரோவில் இருக்கும். இரு, பார்க்கிறேன்.

ராமநாதன்: [படம்]

ராமநாதன்: கிடைத்தது. 2005 ஜூலையில் சேர்த்தது. “மு. நிலா” என்று இருக்கிறது.

முரளி: அண்ணா, பாஸ்போர்ட்டில் “நிலா முரளி” என்று முழுப் பெயர். இனிஷியல் மட்டும் இருந்தால் இங்கே கேள்வி கேட்பார்கள். இரண்டும் ஒருவர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டியிருக்கும்.

ராமநாதன்: அவ்வளவுதானே. எத்தனை ரூபாய் பத்திரத்தாள், என்ன வாசகம் என்று வக்கீலிடம் கேட்டு அனுப்பு. நோட்டரி நம் தெருவிலேயே இருக்கிறார். புதன்கிழமைக்குள் முடித்து, ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

நிலா: தேங்க்ஸ் பெரியப்பா. செவ்வாய் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.