பாறைமேல் ஒரு சாண் மண்: நீர்ப்பிடிப்புக் கணக்கு உதைக்கிறது

மலைச்சரிவு மேய்ச்சல் நிலம் ஒன்றில் குழி தோண்டினேன். 20 செ.மீ. கூடத் தாண்டவில்லை, கடப்பாரை ‘ணங்’கென்று பாறையில் நின்றுவிட்டது. மேலே கரும்பழுப்பு மண், புல்வேர் பின்னிக் கிடக்கிறது. கீழே பாதிக்குமேல் சரளை. கல்லைப் புரட்டினால் அடியில் வெள்ளைப் பூச்சு. அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறது, சுண்ணாம்புதான். பாறை விரிசலுக்குள்ளும் நூல்நூலாக வேர் இறங்கியிருக்கிறது.

25 செ.மீ.க்குள் தொடர்பாறை என்பதால் உலக மண் வகைப்பாட்டில் லெப்டோசால் (பாறைமேல் மெல்லிய மண் வகை), சரி. என் குழப்பம் வேறு. நீர்ப்பிடிப்பை, அதாவது மண் தேக்கி வைக்கும் நீரின் அளவைக் கணக்கிடும்போது சரளையின் கனஅளவைக் கழித்துவிடுகிறேன். விரிசலில் தங்கும் ஈரத்தை எப்படிச் சேர்ப்பது? அதை விட்டால், வறண்ட மாதங்களில் புல் தாக்குப்பிடிப்பதற்குக் கணக்கே ஒத்துவரவில்லை.

அப்புறம், ஒரே சரிவுக்கு எத்தனை குழி தோண்டினால் போதும்? களத்தில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.