பளிச்சென்ற செல்களில் மட்டும் ஒளிர்வு ஆயுட்காலம் குறைகிறது: டிடெக்டரை மாற்ற வேண்டுமா?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். நொடிக்கு 8 கோடி துடிப்புகளைத் தரும் டைட்டானியம்-சஃபையர் லேசரை 920 நானோமீட்டரில் வைத்து, பச்சையாக ஒளிரும் ஈஜிஎஃப்பி புரதம் கொண்ட செல்களின் ஒளிர்வு ஆயுட்காலத்தை (கிளர்ச்சிக்குப் பின் ஒளிர்வு தேயும் சராசரி நேரத்தை) இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியில் அளந்து வருகிறேன். ஏற்பியான, அதாவது ஈஜிஎஃப்பியின் ஆற்றலை வாங்கும், எம்செர்ரி புரதம் இல்லாத கட்டுப்பாட்டுச் செல்களில், மங்கலானவை எதிர்பார்த்தபடி 2.4 நானோநொடி தருகின்றன. பளிச்சென்று ஒளிர்பவை 2.3 தான் தருகின்றன. எம்செர்ரியும் உள்ள செல்களில் 2.2 வருகிறது. ஃபிரெட் (ஈஜிஎஃப்பி தன் ஆற்றலை அருகிலுள்ள ஏற்பிக்குக் கடத்துவது; அதனால் ஆயுட்காலம் குறையும்) திறனாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 8 சதவீதம். ஆனால் ஃபிரெட் நிகழவே வழியில்லாத செல்களில் 4 சதவீதம் தென்படும்போது அந்த 8ஐ எப்படி நம்புவது? திரையில் ஃபோட்டான் எண்ணிக்கை வீதம் நொடிக்கு 13 லட்சம் என்றே காட்டுகிறது. ஒளியை உணரும் எங்கள் பழைய ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்க்குப் பதிலாக ஹைபிரிட் டிடெக்டரோ எஸ்பிஏடி என்ற குறைக்கடத்தி டிடெக்டரோ வாங்கலாம் என்று வழிகாட்டி கருதுகிறார். வேகமான டிடெக்டர் இதைத் தீர்த்துவிடுமா?

பழைய லேசர்:
இது டிடெக்டரின் வேகம் சார்ந்த சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை. பைல்-அப் என்றே சந்தேகிக்கிறேன். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக நேரங்குறித்து எண்ணும் முறையில், ஒரு துடிப்புக்கு இரண்டு ஃபோட்டான்கள் வந்துவிட்டால் முதலில் வந்தது மட்டுமே பதிவாகும்; பிந்தியது தவறிப்போவதால் ஒளிர்வு தேயும் வளைவு முன்பக்கம் சாய்ந்து, ஆயுட்காலம் குறைந்ததுபோல் தெரியும். 13 லட்சம் என்பது முழுப் படத்தின் சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். படத்தின் பெரும்பகுதி இருண்ட பின்னணியாக இருந்தால், பளிச்சென்ற செல்லின் மேல் கற்றை செல்லும் அந்த மைக்ரோநொடிகளில் உண்மையான வீதம் பத்து மடங்குகூட இருக்கலாம். துடிப்பு ஒன்றுக்குச் சராசரியாக P ஃபோட்டான்கள் வந்தால் ஆயுட்காலம் தோராயமாக P/4 பங்கு குறையும். உங்கள் 4 சதவீதக் குறைவுக்கு P 0.17 அளவில், அதாவது நொடிக்கு 1.3 கோடி அளவில் இருக்க வேண்டும். அது நடக்கக் கூடியதே.

சோதிப்பது எளிது. லேசரின் திறனைக் குறைக்காதீர்கள். இரு-ஃபோட்டான் கிளர்ச்சியில் திறனைப் பாதியாக்கினால் ஒளிர்வு கால் பங்காகும் என்பது மட்டுமன்றி, ஒளியால் செல்லுக்கு நேரும் சேதமும் சேர்ந்து குறைந்துவிடுவதால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. மாறாக, டிடெக்டருக்கு முன்னால் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் சாம்பல் வடிகட்டியை வையுங்கள். செல் படும் ஒளி மாறாது, எண்ணும் கருவிக்கு வருவது மட்டும் குறையும். ஆயுட்காலம் 2.4க்குத் திரும்பினால் குற்றவாளி பைல்-அப். திரும்பாவிட்டால் காரணம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது இந்த வடிகட்டியைப் பற்றி எவரும் சொல்லாததால், ஒரு முழுப் பருவத்தின் தரவைத் தூக்கி எறிய நேர்ந்தது.

மணிக்கூண்டு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். டிடெக்டர் கேள்விக்கு மட்டும் பதிலளிக்கிறேன். உங்கள் குழாயின் நேர அகலம் (ஃபோட்டான் வந்த நேரத்தைக் குறிப்பதில் உள்ள தடுமாற்றம்) 150 முதல் 200 பிக்கோநொடி வரை இருந்தாலும், 2.4 நானோநொடியை அளப்பதற்கு அது தடையே இல்லை. செல்லின் ஆற்றல் வேதிவினைகளில் பங்கேற்கும் என்ஏடிஎச் மூலக்கூறின் கட்டற்ற வடிவம் போன்ற 0.4 நானோநொடிக் கூறுகளைத் தேடுவோருக்குத்தான் அந்த அகலம் வலிக்கும். வேகமே எல்லாம் என்றால், 1926இல் பெர்லினில் என்ரிக்கே கவியோலா, ஃபோட்டான் எண்ணும் டிடெக்டர் எதுவுமின்றிக் கெர் செல்களை (மின்புலத்தால் இயங்கும் அதிவேக ஒளித் திறப்புகளை) கொண்டு நானோநொடிகளை அளந்திருக்க முடியாது. பைல்-அப் பிழையும் புதிய டிடெக்டரோடு போய்விடாது. அதற்குப் பின்னால் உள்ள மின்சுற்று ஒரு ஃபோட்டானுக்குப் பின் கண்மூடும் நேரமே அதைத் தீர்மானிக்கிறது. சொல்லப்போனால், அதிக ஃபோட்டான்களைப் பிடிக்கும் புதிய டிடெக்டர் உங்கள் சிக்கலைப் பெரிதாக்கவும் கூடும்.

பணத்தைச் செலவழித்தே தீர வேண்டுமானால் ஹைபிரிட் வாங்குங்கள். அதில் பின்துடிப்பு (ஃபோட்டான் ஒன்றுக்குப் பின் தானாக எழும் போலிச் சமிக்ஞை) ஏறக்குறைய இல்லை என்பது, பின்னணியைக் கழிக்கும்போது தெரியும் நிம்மதி. எஸ்பிஏடியின் உணர் பரப்பு பொதுவாக 50 முதல் 100 மைக்ரோமீட்டர்தான். திசுவில் சிதறிய ஒளியை அந்தச் சிறு புள்ளியில் குவிக்க முடியாது. ஒளியை நுண்துளை வழியே எடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கிக்கு அது அருமையானது, உங்கள் அமைப்புக்கு அன்று.

இன்னொன்று: எல்லாச் செல்களையும் ஒரே ஊடகத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறீர்களா? ஈஜிஎஃப்பியின் ஆயுட்காலம் சூழலின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. கிளிசரால் கலந்த ஊடகத்தில் பொருத்திய செல்கள் உயிருள்ள செல்களைவிடக் குறைந்த மதிப்பே தரும்.

கயல்:
இருவருக்கும் நன்றி. எல்லாச் செல்களும் உயிருள்ளவை, ஒரே வளர்ப்புத் திரவத்தில் இருந்தவை. நேற்று வடிகட்டியை வைத்துப் பார்த்தேன்: பளிச்சென்ற கட்டுப்பாட்டுச் செல்கள் 2.39க்கு வந்துவிட்டன, மங்கலானவை அசையவில்லை. எம்செர்ரி உள்ள செல்கள் 2.29 தருகின்றன, ஆக ஃபிரெட் இருக்கிறது, ஆனால் 8 அல்ல, 4 சதவீதம்தான். ஃபோட்டான்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்ததால், ஒவ்வொரு செல்லையும் பத்து மடங்கு நேரம் எடுத்து அளக்க வேண்டியிருக்கிறது. டிடெக்டர் விலைப்பட்டியலை வழிகாட்டி இப்போதைக்கு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.