கொட்டிய மாவை அள்ளும் கருவி: கடைசிக் கோடு மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி (செல்லூர்):
வணக்கம். நாங்கள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறோம். கிரைண்டரிலிருந்து வாளிக்கு மாற்றும்போது ஒரு கரண்டி மாவாவது தரையில் கொட்டிவிடுகிறது. துணியால் துடைத்தால் பரவுகிறதே தவிர வருவதில்லை. டைல்ஸ் இடுக்கில் தங்கியது மறுநாள் புளித்து நாறுகிறது. ஆகவே பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மரச்சட்டத்தில் ஆணியடித்து, மாவைத் தள்ளிப் பிளாஸ்டிக் முறத்தில் ஏற்றும்படி ஒரு கருவி செய்தேன். முக்கால்வாசி ஏறிவிடுகிறது. ஆனால் முறத்தின் விளிம்போரம் விரல் அகலத்துக்கு ஒரு கோடு நிற்கிறது. சட்டத்தின் இரு முனைகளிலும் மாவு வால்போல் இழுபடுகிறது. அழுத்தித் தள்ளினால் இன்னும் மோசமாகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் (திருமங்கலம்):
வால் இழுப்பதற்கு டியூப்தான் காரணம், ஐயா. உருண்டிருந்த ரப்பரை எவ்வளவு விரித்து அடித்தாலும் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். முனைகள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் தட்டை ரப்பர் ஷீட்டைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில் இறுக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே விடுங்கள். அழுத்தினால் ரப்பர் மடங்கி, கூர்முனைக்குப் பதிலாக அதன் பக்கவாட்டுதான் தரையில் உரசும், அதனால்தான் மோசமாகிறது. 1936இல் அமெரிக்காவில் எட்டோரே ஸ்டெக்கோனே கண்ணாடி துடைக்கச் செய்த கருவியும் இலேசான பித்தளைப் பிடியில் செருகிய ஒற்றை ரப்பர்தான்.

பதில் (திருப்பரங்குன்றம்):
அண்ணா சொன்னது முனைகளுக்குப் பொருந்தும். விளிம்போரம் நிற்கும் கோட்டுக்குக் காரணம் முறம். அதன் விளிம்பு தடிமனாக இருப்பதால், கெட்டி மாவு ஏறினாலும் கடைசியாக வரும் மெல்லிய படலம் அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். எங்கள் வீட்டில் பழைய எக்ஸ்ரே படத்தை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விளிம்பின் அடியில் ஒட்டினோம். தரையோடு தரையாகப் படிகிறது. அள்ளி முடிக்கும்வரை தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள். உளுந்தின் வழவழப்புதான் மாவைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, நீர்த்துவிட்டால் நேரே இடுக்குக்குள் போகும். எண்ணெய் கொட்டினால் இந்தக் கருவி உதவாது. முதலில் தவிட்டைத் தூவி ஊறவிட்டுப் பிறகு தள்ளுங்கள்.

பதில் (அனுப்பானடி):
ஒரு சிறு எச்சரிக்கை. காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் அமைப்பைப் படத்தோடு பொதுவில் போடாதீர்கள்; புதுமை என்று கோருவது கடினமாகிவிடும். முதலில் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை முதற்கட்டமாக விவரிக்கும் ஆவணத்தை) தாக்கல் செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம்.

கேட்டவர் (செல்லூர்):
அனைவருக்கும் நன்றி. காப்புரிமை அளவுக்கு இது பெரிய சரக்கில்லை, தம்பி. ரப்பரை மாற்றியதும் வால் நின்றது. எக்ஸ்ரே பட்டையை ஒட்டியதும் விளிம்புக் கோடும் போய்விட்டது. அம்மாவின் முதுகெலும்புப் படம் என்பதால் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. இடுக்கில் நூலளவு மாவு இன்னும் நிற்கிறது. அதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கைப்பிடியின் மறுமுனையில் கட்டியிருக்கிறேன்.