எஃப் ஸ்கோரில் மின்தட இன்விட்டுக்கு 4, டோல் சாலை இன்விட்டுக்கு 8: எதை நம்புவது?

தங்கச்சிமடம் தம்பி:
வணக்கம். கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்பா விசைப்படகை விற்றுவிட்டார். 61 நாள் தடைக்காலம், டீசல் விலை, எல்லைத் தொல்லை எல்லாம் சேர்ந்து இனி முடியாது என்று ஆகிவிட்டது. கடன் அடைத்தது போக மிஞ்சியதில் பெரும்பகுதியை தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டாயிற்று. இன்னும் 4 லட்சம் கையில் இருக்கிறது. மச்சான் இன்விட் (பலரிடம் பணம் திரட்டி சாலை, மின்தடம் போன்றவற்றை வைத்திருந்து, வரும் பணத்தைப் பகிரும் டிரஸ்ட்) யூனிட், அதாவது அதில் ஒரு பங்கு, வாங்கச் சொல்கிறார். அவர் சொன்னது இரண்டு: ஒன்று உயரழுத்த மின்தடங்கள் வைத்திருக்கிறது, மற்றது டோல் சாலைகள் வைத்திருக்கிறது. இரண்டும் சந்தையில் பட்டியலானவை. பெயர் எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் மின்தடம், சாலை என்றே குறிப்பிடுகிறேன்.

ஆண்டறிக்கைகளை இறக்கி, ஒரு இணையதளத்தில் இருந்த எக்செல் தாளில் எண்களைப் போட்டு எஃப் ஸ்கோர் (கம்பெனியின் நிதி பலத்துக்கு 9 கேள்விகளில் போடும் மார்க்) எடுத்தேன். 9க்கு மின்தடம் 4, சாலை 8. மின்தடம் மார்க் விட்ட இடங்கள்: சொத்தின் மேல் லாபம் குறைந்தது, கடன் கூடியது, கரண்ட் ரேஷியோ (ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதற்கு எதிரே ஓராண்டுக்குள் பணமாகும் சொத்து எவ்வளவு என்பது) குறைந்தது, புது யூனிட் வெளியிட்டது, சொத்துக்கு எவ்வளவு வருவாய் என்ற விகிதம் குறைந்தது. சாலை விட்டது கரண்ட் ரேஷியோ ஒன்றை மட்டும்தான்.

இதன்படி சாலைதான் உறுதியானது. ஆனால் கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குத் தரும் ரேட்டிங்கில் இரண்டுக்கும் உச்சமான டிரிபிள் ஏ. பாதி மார்க்கூட வாங்காததற்கு எப்படி டிரிபிள் ஏ கிடைக்கும்? அப்பா என்னிடம் கேட்பது இவ்வளவுதான்: "மாசாமாசம் வராட்டியும் மூணு மாசத்துக்கு ஒருக்கா வருமா? போட்ட காசு நிக்குமா?"

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
தம்பி, மார்க் போட்டது சரியாகத்தான் இருக்கிறது. அந்தத் தேர்வு இந்த மாணவனுக்கு வைத்தது இல்லை.

பியோட்ரோஸ்கி என்ற அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் 2000இல் இதை வெளியிட்டார். 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குகளை எடுத்துக்கொண்டு, புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் அடிமட்ட விலையில் கிடக்கும் கம்பெனிகளில் எது தேறும், எது தேறாது என்று பிரிக்க 9 கேள்விகள் வைத்தார். அப்படிப்பட்ட கம்பெனி புதிதாகப் பங்கு விற்றால், உள்ளே பணம் இல்லை என்று பொருள் கொள்ளலாம். கடன் கூடினாலும் அப்படித்தான்.

இன்விட் அமைப்பே வேறு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2014 விதிகளின்படி பகிரத்தக்க பணத்தில் (செலவு, வட்டி, கடன் தவணை போக மிஞ்சுவது) 90 சதவீதத்துக்குக் குறையாமல் யூனிட்காரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். லாபத்தைச் சேர்த்து வைத்து அடுத்த மின்தடம் வாங்க வழியே கிடையாது. புதுச் சொத்து வேண்டுமென்றால் கடன் வாங்க வேண்டும், அல்லது யூனிட் விற்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் மார்க் போகும். கையில் காசு தங்காததால் கரண்ட் ரேஷியோவும் எப்போதும் ஒல்லியாகவே இருக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? லாபத்தைவிட இயக்கப் பணவரவு அதிகமா என்ற கேள்விக்கு இரண்டுமே மார்க் வாங்கியிருக்கின்றன. தேய்மானம் (சொத்து பழசாவதற்குக் கணக்கில் மட்டும் கழிப்பது, பணம் வெளியே போகாது) இவ்வளவு பெரிதாக இருக்கும் எந்த டிரஸ்டும் அதை வாங்கிவிடும். அந்த ஒரு மார்க்குக்கு இங்கே மதிப்பே இல்லை.

மின்தடம் கடந்த ஆண்டு எந்த மாதம் புதுத் தடங்களை வாங்கியது என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் எக்செல் தாள் எந்தத் தேதிச் சொத்தால் வகுக்கிறது என்பதும் வேண்டும்.

தங்கச்சிமடம் தம்பி:
டிசம்பர் கடைசியில் வாங்கியிருக்கிறார்கள் அண்ணே. தாள் வகுப்பது மார்ச் 31 அன்று இருந்த சொத்தால்.

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
நினைத்தேன். தடத்தின் முழு மதிப்பும் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் ஏறிவிட்டது, வருவாய் மூன்று மாதத்துக்குத்தான் வந்தது. லாப விகிதமும் வருவாய் விகிதமும் விழாமல் என்ன செய்யும்? மூலக் கட்டுரையில் ஆண்டுத் தொடக்கச் சொத்தால்தான் வகுப்பார்கள். அப்படிப் போட்டால் அந்த மூன்று மாத வருவாய் உபரியாக ஏறி இரண்டு விகிதமும் கூடிவிடும். அதே டிரஸ்ட், அதே ஆண்டு, ஸ்கோர் 4க்குப் பதில் 6. வகுக்கும் தேதியை மாற்றியதும் இரண்டு மார்க் ஆடுகிறது என்றால் அதை வைத்து அப்பாவின் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியாது.

சாலையின் 8 தான் எனக்கு அதிகக் கவலை. அது பனந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தது மாதிரி. பதநீர் வருஷாவருஷம் நன்றாக வரலாம், குத்தகைக் காலம் மட்டும் குறைந்துகொண்டே போகும். முடிந்த அன்று தோப்பு உரிமையாளருக்குத்தான், சாலையும் அரசுக்குத்தான். கணக்கில் டோல் வசூலிக்கும் உரிமையை ஒரு சொத்தாகக் காட்டி ஆண்டுதோறும் கழித்து வருவார்கள். ஆக, வகுக்கும் எண் தானாகச் சுருங்குகிறது, டோல் கட்டணம் கூடுகிறது, விகிதம் "மேம்படுகிறது". புதிதாக எதையும் வாங்கவில்லை, அதனால் யூனிட் வெளியிடவில்லை. கடன் தவணை போகப் போகக் குறைகிறது. மூன்று மார்க்கும் ஆயுள் கரைவதற்காகக் கிடைத்தவை. வளரும் டிரஸ்டைத் தண்டித்து, தீர்ந்துகொண்டிருக்கும் டிரஸ்டுக்குப் பரிசு கொடுக்கிறது இந்த ஸ்கோர்.

இரண்டின் எண்களையும் இங்கே போடுங்கள், வேறு வழியில் பார்ப்போம்.

தங்கச்சிமடம் தம்பி:
மின்தடம் (கோடி ரூபாயில், முழுமையாக்கித் தருகிறேன்): மொத்தச் சொத்து 20,000. வருவாய் 2,800. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 2,500. தேய்மானம் 1,000. வட்டி 900. கடன் 11,500, கையில் ரொக்கம் 500. மொத்தப் பொறுப்புகள் 12,500. மதிப்பீட்டாளர் சொத்துக்குப் போட்ட மதிப்பு 21,200. திரண்ட லாபம் மைனஸ் 2,500. சந்தை மதிப்பு 11,000. வரிக்கும் பராமரிப்புக்கும் 200, கடன் அசலில் கட்டியது 150. பகிரத்தக்க பணம் 1,250, பகிர்ந்தது 1,200. ஒப்பந்தங்களில் மிச்சம் சராசரி 26 ஆண்டு.

சாலை: யூனிட் விலை 62 ரூபாய். கடந்த ஆண்டு கொடுத்தது 8 ரூபாய், அதில் 3 வட்டி, 5 மூலதனத் திருப்பம். டோல் உரிமை மிச்சம் சராசரி 11 ஆண்டு.

தொண்டி டீச்சர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வணிகவியல் எடுக்கிறேன். நடப்பு மூலதனத்தைப் பூஜ்யமாக வைத்து மின்தடத்துக்கு ஆல்ட்மேன் இசட் ஸ்கோர் போட்டுப் பார்த்தேன். 0.74 வருகிறது. 1.81க்குக் கீழே என்றால் திவால் ஆபத்து என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எஃப் ஸ்கோரை ஒதுக்கிவிடலாம், இதையுமா ஒதுக்குவது?

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
உங்கள் கூட்டல் சரி டீச்சர். ஆல்ட்மேன் 1968இல் அந்தச் சூத்திரத்தைக் கட்டியது 66 உற்பத்திக் கம்பெனிகளை வைத்து, அவற்றில் பாதி திவாலானவை. சொத்துக்கு வருவாய் என்ற உறுப்பில் தொழிற்சாலைகள் எளிதாக 1ஐத் தொடும். மின்தடத்துக்கு 0.14 தான், என்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. திரண்ட லாபம் மைனஸில் இருப்பதற்கு நஷ்டம் காரணமில்லை. கணக்கு லாபத்தைவிட அதிகமாகப் பணத்தைப் பகிர்வதால் வருவது, விதியே அப்படி. உற்பத்தி அல்லாத கம்பெனிகளுக்கு அவர் பின்னால் கொடுத்த வடிவத்தில் போட்டாலும் 0.73 தான் வருகிறது, அங்கே எல்லை 1.1. எந்த வடிவத்திலும் தேறாது. ஒரு துறை முழுவதும் தோற்கிற தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது.

நான் முதலில் பார்ப்பது கடன் வரம்பு. 11,500இல் ரொக்கம் 500 கழித்தால் 11,000. அதை 21,200ஆல் வகுத்தால் 52 சதவீதம். செபி விதியில் 49ஐத் தாண்டிவிட்டால் 70 வரை போக டிரிபிள் ஏ ரேட்டிங்கும், தொடர்ந்து 6 முறை பகிர்ந்த வரலாறும், யூனிட்காரர் ஒப்புதலும் வேண்டும். ஆக இவர்களுக்கு ரேட்டிங் என்பது அலங்காரம் இல்லை. அது இறங்கினால் கடனில் புதுத் தடம் வாங்கும் வழி அடைபடும். ரேட்டிங் அறிக்கையை விடாமல் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வட்டியைப்போல் 2.8 மடங்கு லாபம் (2,500ஐ 900ஆல் வகுத்தது) இருக்கிறது. கடனில் பாதி மாறும் வட்டியில் இருந்து, வட்டி 1 சதவீதம் ஏறினால் கூடுதல் செலவு ஏறக்குறைய 58 கோடி. பகிரத்தக்க 1,250இல் அது 5 சதவீதம்கூட இல்லை. தாங்கும்.

வருவாய் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கமுதி சூரிய மின்நிலையத்துக்கு வெயில் அடிக்க வேண்டும், மின்சாரத்தை ஆள் வாங்க வேண்டும். மின்தடத்துக்கு அது இரண்டும் தேவையில்லை. தடம் 98 சதவீத நேரம் தயாராக இருந்தால் முழுக் கட்டணம் வந்துவிடும், அதில் மின்சாரம் குறைவாக ஓடினாலும் சரி.

கீழக்கரைவாசி:
இந்த 3 வட்டி, 5 மூலதனத் திருப்பம் என்ற பிரிவைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் வட்டி ஆகாது. வாப்பா துபாய்ப் பணத்தில் ஒரு பகுதியை இப்படிப் போடலாமா என்று கேட்டபோது இரண்டு மூன்று இன்விட்களின் பிரிவை எடுத்துப் பார்த்தோம். டிரஸ்ட் தன் கீழே இருக்கும் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்து, அதற்கு வரும் வட்டியைத்தான் நமக்கு அனுப்புகிறது. பெரும்பகுதி அதுதான். வேண்டாமென்று விட்டுவிட்டோம். வட்டி பிரச்சினை இல்லாதவர்களும் அந்த மூலதனத் திருப்பத்தை வருமானம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் பணத்தை நமக்கே கொடுக்கிறார்கள்.

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
பாய் சொன்னது முக்கியமான விஷயம். சாலைக் கணக்கை அதிலிருந்தே தொடங்கலாம்.

62 ரூபாய்க்கு 8 ரூபாய் என்றால் 12.9 சதவீதம். மச்சான் சொல்லியிருப்பது இந்த எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் 11 ஆண்டு முடிவில் யூனிட்டுக்குப் பின்னால் எதுவும் மிஞ்சாது. 8 ரூபாய் கூடாமல் குறையாமல் 11 ஆண்டு வந்தால் கையில் வருவது 88. உண்மையான வருமானம் ஆண்டுக்கு 6.3 சதவீதம் சுற்றி. பகிர்வு ஆண்டுக்கு 3 சதவீதம் கூடினால் 9க்குக் கொஞ்சம் கீழே. 5 சதவீதம் கூடினால் 10.7.

எல்லாம் வண்டி ஓட்டத்தில் இருக்கிறது. 2008 கட்டண விதிகளின்படி டோல் ஆண்டுக்கு 3 சதவீதமும், அதோடு மொத்த விலை ஏற்றத்தில் 40 சதவீதமும் கூடும். போகலூர் டோல்கேட்டில் வருஷாவருஷம் நாமே பார்க்கிறோமே. பக்கத்தில் புதுச் சாலை திறந்து லாரிகள் அந்தப் பக்கம் திரும்பினால் கணக்கு மாறும். சாலை மோசம் என்று சொல்லவில்லை. விலை 50க்கு வந்தால் நானே இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஆனால் "போட்ட காசு நிக்குமா" என்ற கேள்விக்கு இங்கே பதில்: நிற்காது, தவணை தவணையாகத் திரும்பி வரும். வருவதையெல்லாம் செலவு செய்தால் 11 ஆண்டில் முதல் காலி.

தங்கச்சிமடம் தம்பி:
இதை அப்பாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். அப்படியானால் மின்தடத்தை வாங்கலாமா அண்ணே? அதிலும் 26 ஆண்டுதானே மிச்சம் இருக்கிறது?

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
நல்ல கேள்வி. மின்தடத்தின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. எந்த ஸ்கோரும் அதைக் காட்டாது.

11,500 கோடிக் கடனை 26 ஆண்டில் அடைக்க வேண்டும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 442 கோடி அசல் போக வேண்டும். அவர்கள் கட்டியது 150. மிச்சத்தைப் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்து உருட்டுகிறார்கள். இப்போது கிடைக்கும் 10.9 சதவீதத்தில் (பகிர்ந்த 1,200ஐ சந்தை மதிப்பு 11,000ஆல் வகுத்தது) கொஞ்சம், அசலைக் கட்டாமல் தள்ளிவைத்ததால் வருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் தடமும் கோபுரமும் டிரஸ்டுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது சாலையைவிட நல்ல நிலைதான். புதுத் தடங்கள் வாங்க வாங்க சராசரி ஆயுளும் நீளும். ஆனால் வாங்குவது நின்றால் அசல் கழுத்துக்கு வரும், பகிர்வு குறையும்.

அதனால் 4 லட்சத்தையும் ஒரே நாளில் போட வேண்டாம். 2021 முதல் ஒரு யூனிட்கூட வாங்கலாம், ஒரு லட்சத்தில் தொடங்குங்கள். பகிர்வில் வட்டிப் பகுதிக்கு 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். அப்பாவுக்கு வரி வராது என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

தங்கச்சிமடம் தம்பி:
சரி அண்ணே. எந்த ஆண்டு எவ்வளவு அசல் கட்ட வேண்டும் என்பதை அறிக்கையில் எங்கே தேடுவது? 300 பக்கம் இருக்கிறது.

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்:
ஒருங்கிணைந்த நிதி அறிக்கையின் குறிப்புகளில் "நிதி இடர் மேலாண்மை" என்று ஒரு தலைப்பு வரும். அதற்குள் பணப்புழக்க இடர் அட்டவணை இருக்கும்: 1 ஆண்டுக்குள், 1 முதல் 5 ஆண்டு, 5க்கு மேல் என்று. முதல் கட்டத்தில் உள்ள தொகையை கையிருப்பு ரொக்கத்தோடும், வங்கி ஒப்புக்கொண்டு இன்னும் எடுக்காத கடனோடும் ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டு அறிக்கையிலும் அதே அட்டவணையை எடுத்து இங்கே போடுங்கள். சாலையினுடையதையும் சேர்த்துப் போட்டால், அதன் கரண்ட் ரேஷியோ குறைந்தது ஏன் என்றும் தெரிந்துவிடும்.