கலைச்சொல்: ‘பீஸ் டை’ – அமைதிக்கட்டா, பூட்டாங்கயிறா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வரலாற்று மீள்நிகழ்த்தலுக்கான (பழங்கால உடை, ஆயுதங்களோடு அக்கால வாழ்க்கையை நடித்துக் காட்டுவது) சொற்பட்டியலில் ‘கத்தியும் உறையும்’ பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. உறைக்குள் இருக்கும் கத்தியை யாரும் சட்டென்று உருவிவிடாதபடி பிடியையும் உறையையும் சேர்த்துக் கட்டுகிறோமே, அந்தச் சின்னக் கயிறு. ஆங்கிலத்தில் ‘பீஸ் டை’ (peace tie). இதற்கு நண்பர் ஒருவர் சொன்னது:

> ‘அமைதிக்கட்டு’ என்று வைத்துவிடலாமே ஐயா. நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஆனாலும் அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நேற்று முளைத்த பெயர் இல்லை. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலேயே ‘சமாதானக் கட்டு’ என்று பொருள்படும் சொல் உண்டு. கிஸ்லியின் சாகா என்ற ஐஸ்லாந்துப் பழங்கதையில் ஒரு காட்சி. ஊர்மன்றக் கூட்டத்தில் தோர்கெல் என்பவர் நல்ல வாளோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பையன் வந்து, கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்கிறான். அவரும் பெருமையாகக் கொடுக்கிறார். பையன் கட்டை அவிழ்த்து, வாளை உருவி, அவர் தலையையே வெட்டிவிடுகிறான். மன்றத்தில் ஆயுதத்தைக் கட்டிவைப்பது அங்கே சமாதானத்தின் அடையாளம், எனவே பெயர் பொருந்துகிறது. தமிழில் ‘அமைதிக்கட்டு’ என்றால் எனக்கு ஊரடங்கு உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது. கத்தி வரவில்லை, கயிறும் வரவில்லை.

அந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். நான் எனக்காகச் செய்துகொண்டது பழைய இங்கிலாந்தின் சாக்ஸன் மக்களுடைய ‘சீக்ஸ்’, ஒருபக்கம் மட்டும் கூருள்ள கத்தி. (கையடக்கமான கத்தி என்று நினைத்துவிட வேண்டாம். 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது 72 செ.மீ. நீளம், அலகில் ரூன் எனும் பழைய ஜெர்மானிய எழுத்து வரிசையே பதித்திருக்கிறது. என்னுடையது அதில் பாதிகூட இல்லை.) இதன் உறை ஒரே தோலை மடித்துச் செய்வது. மடிப்பு கத்தியின் முதுகுப் பக்கம், தையல் கூர்ப் பக்கம். இடைவாரிலிருந்து கிடைமட்டமாக, கூர் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போதுதான் கத்தியின் எடை மடிப்பில் உட்காரும், தையல் அறுபடாது. தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்த ஒருவருக்கு இதை விளக்க எனக்கு ஒரு மதியம் ஆயிற்று.

தோல் பட்டைச்சாற்றில் பதனிட்டதாக இருக்க வேண்டும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் வடிவத்துக்குப் படியாது, எஃகையும் துருப்பிடிக்க வைக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறிய தோலை, எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின் மேல் அழுத்தி, எலும்புக் குச்சியால் பிடியின் வளைவுகளை வருடி வருடி இறக்க வேண்டும். அப்புறம் நிழலில் காய வேண்டும். முதல் உறையை அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். அப்பளம் மாதிரி விறைத்துச் சுருங்கி, கத்தி உள்ளே போகவே இல்லை. இரண்டாவது உறை ஒழுங்காக வந்தது. பிடியில் பாதிவரை ஏறி, கத்தியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத அளவுக்குக் கவ்விக்கொண்டது.

ஆக, கத்தி தானாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தோலின் வேலை. கயிறு இருப்பது மனிதக் கைக்காக. நிகழ்ச்சிக்கு வருபவர்களில் பத்தில் ஒருவராவது “உருவிக் காட்டுங்க” என்பார். கேட்காமலே கை வைப்பவர்களும் உண்டு. தோர்கெலின் கதைதான். அந்த இரண்டு நொடித் தாமதத்தைத் தருவதுதான் கயிறு. அது ஒரு பூட்டு.

சரி, ‘பூட்டு’ என்று போனால் மூன்று வழி தெரிகிறது. வார் என்றால் தோல்பட்டை, ஆகவே ‘பூட்டுவார்’. உடனே “யார் பூட்டுவார்?” என்று கேட்பீர்கள். ‘உறைப்பூட்டு’ என்றால் கத்திக்குக் காரம் சேர்த்ததுபோல் ஆகிவிடும். ‘பூட்டுநாண்’ காதுக்கு அழகுதான். ஆனால் நாண் பூட்டுவது வில்லுக்கு. ஆயுதச் சொற்பட்டியலிலேயே இன்னொரு பொருள் இருக்கும்போது அதை எடுப்பது வம்பு.

இவ்வளவு சுற்றிவிட்டு வந்தால், நம் ஏர்க்காரர்களிடம் சொல் தயாராக இருக்கிறது. நுகத்தடியிலிருந்து மாடு விலகாமல் கழுத்தைச் சுற்றிப் பிணைக்கும் கயிறு, பூட்டாங்கயிறு. பூட்டும்போது நிற்கும், அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் அவிழும். நமக்கு வேண்டியதும் அதேதான். பிடியைச் சுற்றி, உறையைத் தொங்கவிடும் வளையத்துக்குள் ஓட்டி, ஒரு சுருக்கு முடிச்சு.

> மாட்டுக்கயிற்றுப் பெயரைப் போர்க்கத்திக்கு வைப்பதா?

வைப்போமே. உறைநுனியில் மாட்டும் உலோக மூடிக்கு ‘முனைப்பூண்’ என்று ஒருமனதாக ஒத்துக்கொண்டோம். அந்தப் பூண் எங்கிருந்து வந்தது? உலக்கையிலிருந்து. வாய்ப்பக்கத்து வளையம் ‘வாய்ப்பூண்’ ஆனதும் அப்படித்தான். ‘தடறு’ என்ற பழஞ்சொல்லை உறைக்கு மாற்றாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் பதிற்றுப்பத்தே ‘புலியுறை’ என்கிறது. உறை போதும்.

எனவே என் வாக்கு பூட்டாங்கயிறுக்கு. தோல்வாராக இருந்தாலும் பெயர் அதுவே. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்று. அலகின் நடுவே ஓடும் பள்ளத்துக்கு ‘இரத்த ஓடை’ என்று யாரோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அது எடையைக் குறைக்கப் போடும் பள்ளம், இரத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘அலகுப்பள்ளம்’ என்று திருத்திவிட்டேன்.