‘கும்பகோணம்’ எழுத்துகளில் மூன்றெழுத்துச் சொற்கள்: எப்படித் தேடுவது?

குடந்தை வாசகி:
பள்ளி தமிழ் மன்றத்துக்குப் புதிர் தயாரிக்கிறேன். ‘கும்பகோணம்’ கொடுத்து மூன்றெழுத்துச் சொற்கள் எடுக்கணும். பைதான் நிரல்மொழியில் அந்தச் சொல்லின் நீளம் 10 என்று வருகிறது. ஏன்?

திருவையாறு:
அது எழுத்தை எண்ணவில்லை, யூனிகோட் குறிகளை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடுகளை) எண்ணுகிறது. புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாகச் சேரும். சில கோப்புகளில் ஓகாரக் குறி இரண்டாக உடைந்திருக்கும், அப்போது 11. புதிருக்கு வேண்டியது கு, ம், ப, கோ, ண, ம் என்ற ஆறுதான். முதலில் உடைந்த குறிகளை ஒன்றாக்கிக் கோப்பைச் சீராக்கி, துணைக்குறியை முந்தைய எழுத்தோடு ஒட்டி, பிறகு எண்ணுங்கள். க்ஷ, ஸ்ரீ வந்தால் தனியாகக் கவனிக்கணும்.

மன்னை:
இதுக்கு நிரலே வேண்டாம்ங்க. மெய் சொல்லுக்கு முதலில் வராது, ணகரமும் வராது. மிச்சம் கு, ப, கோ. மகர மெய்யில் முடிப்பதாக வைத்தால் நடுவுக்கு மற்ற இரண்டும் ண-வும். மொத்தம் 9 கூட்டுதான். அதில் குணம், பணம், கோபம், கோணம் தேறும். ‘பகும்’ வினைமுற்று, அகராதித் தலைச்சொல் மட்டும் என்று விதி வைத்தால் அடிபடும்.
பிள்ளைகள் ‘மணம்’ எழுதுவார்கள், பாருங்கள். இங்கே இருப்பது ம் மட்டும், ம இல்லை.

குடந்தை வாசகி:
நான்கெழுத்துக்கு?

மன்னை:
கும்பம். ம் இரண்டு இருப்பதால் செல்லும். அடுத்த சுற்றுக்கு ‘மன்னார்குடி’ கொடுங்கள், ‘மகுடி’ கிடைக்கும்.