பொருள்: கிளட்ச், கிளட்ச் ஷூ, கிளட்ச் பெல் – வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

தொழிற்பயிற்சி ஆசிரியர், திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான எட்டுப் பக்கப் பராமரிப்புக் கையேடு ஒன்றை வெள்ளி மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பாடப்பொருள் நைட்ரோவில் ஓடும் ரிமோட் டிரக்; உண்மை வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு, 3.5 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும் இந்தப் பொடி எஞ்சினை நான் வகுப்புக்குக் கொண்டுவருவதற்குக் காரணம், மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்சை உள்ளங்கையில் வைத்துக் காட்ட இதைவிட வசதியான பொருள் எனக்குக் கிடைத்ததில்லை என்பதே.

எஞ்சின் தண்டின் முனையில் பித்தளைக் கூம்பு ஒன்றின் மேல் இறுக்கிய சக்கரம் இருக்கிறது. அதில் நட்ட மூன்று முளைகளில் மூன்று ஷூக்கள். ஒவ்வொரு ஷூவையும் ஒரு வளைந்த கம்பிச் சுருள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. வேகம் ஏறும்போது ஷூக்கள் சுருளை மீறி வெளியே விரிந்து, தங்களைக் கவிந்திருக்கும் எஃகு பெல்லின் உட்சுவரைப் பிடிக்க, பெல்லோடு ஒட்டிய சிறு பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது; வண்டி நகர்கிறது. வேகம் இறங்கினால் பிடி தானாக விட்டுப்போகும். மிதிப்பதற்குப் பெடல் எதுவும் இல்லை.

சென்ற வாரம் வகுப்பு வண்டி, ரிமோட்டின் வேக விசையைத் தொடாமலே மேசையின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது. சும்மா ஓடும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், எஞ்சின் அணைந்துபோயிற்று. கழற்றிப் பார்த்தால், ஒரு சுருள் இரண்டாக ஒடிந்து அதன் ஷூ பெல்லோடு உரசிக்கொண்டிருந்தது. பெல்லின் உட்புறம் மயில்கழுத்து நிறத்துக்கு நீலம் பாரித்திருந்தது. பெல்லைத் தண்டின் மேல் தாங்கும் இரண்டு பேரிங்குகளில் ஒன்றில் குண்டுகள் பாதிதான் மிஞ்சியிருந்தன. இதை மாணவர்களுக்கு எழுதும்போதுதான் சிக்கினேன். நீங்கள் தரும் சொற்கள் பின்வரும் வாக்கியத்தில் பொருந்த வேண்டும்: “கிளட்ச் ஷூவில் எண்ணெய் படிந்தால் அது கிளட்ச் பெல்லைப் பிடிக்காமல் நழுவும், பெல் சூடேறி நீலம் பாரிக்கும்.”

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திங்கள் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு. விடையை வள்ளுவர் எழுதிவைத்துவிட்டார். “பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு” என்ற 350ஆம் குறளில் பற்றுதலும் விடுதலும் ஒரே மூச்சில் வருகின்றன. தாங்கள் விவரிக்கும் கருவியின் வேலையும் அதுவே. ஆகவே ‘விடுபற்றி’ எனலாம். இதில் சொல்வரிசை முக்கியம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். காரின் கிளட்ச் எப்போதும் பற்றியே இருக்கிறது, மிதித்தால் விடுகிறது. அதற்கு வேண்டுமானால் ‘பற்றுவிடி’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தங்களுடையதோ இயல்பாகவே விட்டிருக்கிறது, வேகம் வந்த பிறகே பற்றுகிறது. எனவே விடு முன்னும் பற்று பின்னும் நிற்பதே முறை.

பற்று என்னும் வேர் உலோகத்துக்குப் புதியதன்று. பொற்கொல்லர் நகையின் இரு துண்டுகளைப் பொருத்த இடும் பொடியைப் பற்றாசு என்றனர். வெண்பாவின் முதற்குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை இட்டுநிரப்ப வரும் அசையை ஆசு என்றதும் அந்த உவமையால்தான். ஷூவைப் ‘பற்றாசு’ என்றே அழைக்கத் துணிந்தால், யாப்பும் பட்டறையும் கைகோக்கும்.

பட்டறைக்காரர், செவ்வாய்

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டுகளாக இருசக்கர வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். பொழுதுபோக்காக இந்த நைட்ரோ வண்டிகளையும் வைத்திருக்கிறேன். இலக்கணத்தில் உங்களோடு நிற்க என்னால் இயலாது. ஆனால் பற்றாசு ஒட்டினால் ஒட்டியதுதான், அதைப் பிரிக்க மறுபடி நெருப்புக் காட்ட வேண்டும். ஒட்டிப் பிரிந்து ஒட்டிப் பிரிவதையே தொழிலாகக் கொண்ட பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தால் பையன்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

விடுதல் முன்னே வர வேண்டும் என்று நீங்கள் சொன்னதில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு. பெல்லுக்குள் இருக்கும் பேரிங், கிளட்ச் பிடித்திருக்கும்போது வேலையே செய்வதில்லை, ஏனெனில் தண்டும் பெல்லும் சேர்ந்தே சுற்றுகின்றன. கிளட்ச் விட்டிருக்கும்போதுதான் தண்டு சுற்ற, பெல் நிற்க, பேரிங் ஓடுகிறது. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை உறுமவிடுகிறவர்களின் பேரிங்தான் முதலில் போகும். உள்ளே 5 மி.மீ., வெளியே 10 மி.மீ. உள்ள அந்தக் குட்டிப் பேரிங்கின் கிரீஸ் சூட்டில் வற்றிவிடும். அவ்வப்போது கழற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், இரண்டு சொட்டு விட்டால் மிச்சம் ஷூவுக்குப் போய் நழுவல் தொடங்கும். பெல் முன்பின்னாக மயிரிழை அளவே அசையும்படி 0.1 மி.மீ. வாஷர்களைச் சேர்த்தோ குறைத்தோ பார்க்க வேண்டும். சுருளில் 0.9, 1.0, 1.1 என்று கம்பித் தடிமன்கள் உண்டு. தடிமன் கூடினால் கிளட்ச் தாமதித்து, அதிக வேகத்தில் பிடிக்கும். ஆசிரியர் இவற்றைக் கையேட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பெயர் விஷயத்தில், ஷூவைக் ‘கட்டை’ என்பதே போதும். பிரேக் கட்டை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், சைக்கிள் கடையிலும் சொல்கிறார்கள். கிளட்சைக் கிளட்ச் என்றே விட்டுவிடலாம்.

பேராசிரியர், செவ்வாய் இரவு

பட்டறை நண்பரின் திருத்தத்தை ஏற்றுப் பற்றாசைக் கைவிடுகிறேன். ஆனால் கட்டை என்பது விறகுக்கும் உரிய சொல், பிணத்துக்கும் உரிய சொல். ஷூவுக்கு நேரான தமிழ்ச்சொல் காலுக்கடியிலேயே கிடக்கிறது: ‘குறடு’. மரத்தாலான மிதியடிக்குக் குறடு என்று பெயர். பற்றிப் பிடிக்கும் கருவிக்கும் குறடு என்று பெயர். புறநானூற்றுக் காலத்திலேயே தேர்ச்சக்கரத்தில் ஆரக்கால்கள் பொருந்தும் நடுக்கட்டைக்கும் குறடு என்று பெயர். காலணி, பிடிப்பு, சக்கரம் ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் கூடுவது எந்த மொழிக்கு வாய்க்கும்?

பெல்லுக்குக் ‘கிண்ணம்’ எனலாம். கிண் என்னும் ஒலியிலிருந்து கிண்கிணி பிறந்தது. உலோகக் கிண்ணமும் தட்டினால் கிண் என்கிறது. ஆகவே மணியும் கிண்ணமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

பட்டறைக்காரர், புதன் காலை

கிண்ணத்துக்கு என் ஓட்டு உண்டு, பிறப்பு எப்படியிருந்தாலும். அந்தப் பாகம் பார்வைக்கும் கிண்ணம்தான். குறட்டுக்கு மட்டும் மறுப்பு. எஞ்சின் தண்டின் சக்கரத்தைக் கழற்றும்போது எஞ்சினுக்குள் பிஸ்டனைக் குறட்டால் பிடித்து நிறுத்தக் கூடாது என்பதே இந்த வேலையில் முதல் எச்சரிக்கை. அப்படிப் பிடித்துக் கோடு விழுந்த பிஸ்டன்கள் இரண்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. சுருளை முளையில் மாட்டுவதற்கோ மூக்குக் குறடு இல்லாமல் முடியாது. இனிக் கையேட்டில் “குறட்டின் சுருளைக் குறட்டால் பிடித்துக் குறட்டின் மேல் வைக்கவும்” என்று எழுத நேரும். படிக்கிற பையன் கையேட்டை எஞ்சின் துடைக்க எடுத்துக்கொள்வான்.

பள்ளித் தமிழாசிரியை, புதன் மாலை

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் உங்கள் மாணவியின் மாணவி என்பதால் துணிந்து எழுதுகிறேன். ‘விடுபற்றி’ அழகான சொல்தான். ஆயினும் பற்றி என்பது உருபாகவும் நின்று பழகிவிட்டதால், “விடுபற்றியைப் பற்றிக் குறிப்பு வரைக” என்று வினாத்தாளில் கேட்டால் என் வகுப்பு முழுவதும் சிரிக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். என் கேள்வி வேறு. கிளட்ச் என்ற சொல்லில் எதை நாம் தமிழுக்கு ஆகாதது என்கிறோம்? ககரம் மொழிக்கு முதலில் வரும். டகர மெய்யை அடுத்துச் சகரம் வரலாம் என்று தொல்காப்பியர் நூன்மரபு என்னும் முதல் இயலிலேயே இடம் கொடுத்திருக்கிறார். ஆட்சியும் காட்சியும் அவர் விட்ட வழியில் வந்தவை. குறை ஒன்றே ஒன்று, வல்லின மெய்யில் சொல் முடிகிறது. ஓர் உகரத்தைச் சேர்த்துக் ‘கிளட்சு’ என்றால் அது ஒழுங்கான வன்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமை ஏற்கும், புணரும், பட்டறையிலும் புரியும். கடன் வாங்கிய சொல்லை இலக்கணத்துக்குள் குடியமர்த்துவதும் தூய்மைதானே, ஐயா?

பேராசிரியர், புதன் நள்ளிரவு

அம்மா, தொல்காப்பியரை எனக்கு எதிராகவே சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். வடசொல்லுக்கு எழுத்தை நீக்கி வழிவிட்டவர் அவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் வழிவிட்டது ஏற்கெனவே வந்து குடியேறிய சொற்களுக்கு; கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழைப்பதற்கன்று. நூறு கருவிகளுக்கு நூறு உகரம் சேர்த்தால் நமக்கு மிஞ்சுவது உகரம் மட்டுமே. என் எதிர்ப்பைப் பதிவுசெய்துகொள்ள வேண்டுகிறேன்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், வெள்ளி பிற்பகல்

அனைவருக்கும் நன்றி. நேற்று மூன்று மாணவர்களிடம் வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்து, பிரித்துப் போட்ட பாகங்களில் உரியவற்றை எடுக்கச் சொன்னேன். கட்டையையும் கிண்ணத்தையும் மூவரும் தயங்காமல் எடுத்தார்கள். விடுபற்றி என்றதும் இருவர் கையை விரித்தார்கள். மூன்றாமவன் ஒடிந்த சுருளைத் தூக்கிக் காட்டி, “பற்றை விட்டது இதுதானே சார்?” என்றான். பேராசிரியர் ஐயா இதை அறிந்து மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

அச்சுக்குப் போன வாக்கியம்: “கிளட்சு கட்டையில் எண்ணெய் படிந்தால் அது கிண்ணத்தைப் பிடிக்காமல் நழுவும், கிண்ணம் சூடேறி நீலம் பாரிக்கும்.” சும்மா ஓடும் வேகத்துக்கு ஏற்ற ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை; சும்மா ஓடும் வேகம் என்றே விட்டிருக்கிறேன். விடுபற்றி என்ற சொல்லையும் அது ஏன் அந்த வரிசையில் அமைந்தது என்பதையும் மூன்றாம் பக்க அடிக்குறிப்பில் நான்கு வரிகளில் சேர்த்திருக்கிறேன்.

பேராசிரியர், வெள்ளி இரவு

அடிக்குறிப்புக்கு நன்றி. என் நிலையில் மாற்றம் இல்லை. ஆயினும், தமிழாசிரியை அம்மையார் கூறியவாறு கிளட்சு என்பது வன்தொடர்க் குற்றியலுகரமாயின் அதன் பின் வல்லினம் மிகும். ‘கிளட்சுக் கட்டை’ என்றல்லவா இருக்க வேண்டும்? அச்சகத்தைத் தொலைபேசியில் பிடிக்க இன்னும் நேரம் இருக்கிறதா?